எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள்

(அந்தமான் தீவில், மின்னி பேயில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்திருப்பது ஒரு பாட்டுக்காரரைப் பற்றி. அவர் பாடியவர் அல்லர், எழுதியவர். ஐம்பத்தைந்து ஆண்டு எழுதினார். ஆயிரக்கணக்கில் எழுதினார். எழுதியதையெல்லாம் பிறர் பாடினார்கள். பிறர் பாடியதையெல்லாம் நாம் கேட்டோம். கேட்ட நாம், பாடியவரை நினைவில் வைத்துக்கொண்டோம், எழுதியவரை மறந்தோம். கவிஞர் வாலியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மறந்துவிட்டோம் என்று நான் சொல்வது உங்களில் சிலருக்குக் கோபம் தரலாம். சரி, சோதித்துப் பார்ப்போம். சுற்றிலும் கடல் உள்ள ஊர் நம் ஊர். ஜங்கிலிகாட் துறையில் மீன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 'படகோட்டி' படத்தின் பாட்டுகளைக் கேட்காதவர் இந்த அவையில் உண்டா? இருக்க முடியாது. 1964இல் வந்த படம். அறுபது ஆண்டு தாண்டியும் மீனவன் படும் பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பாட்டுகளைத்தான் போடுகிறோம். அவை யார் பாட்டு? எம்.ஜி.ஆர். பாட்டு என்பார் ஒருவர். டி.எம்.எஸ். பாட்டு என்பார் இன்னொருவர். கொஞ்சம் இசை தெரிந்தவர், விசுவநாதன் ராமமூர்த்தி பாட்டு என்பார். நாலாவதாக ஒருவர் எழுந்து, அது கண்ணதாசன் பாட்டு என்று சத்தியமே செய்வார்! அந்தப் படத்தின் எல்லாப் பாட்டையும் எழுதியவர் வாலி. அவர் பெயரை இந்த நால்வரில் ஒருவரும் சொல்லவில்லை.

கண்ணதாசன் பாட்டு என்று ஊர் நினைத்ததில் வாலிக்கு வருத்தம் இல்லை. அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. நம்முடைய மறதிக்கு அது மன்னிப்பு ஆகிவிடாது, நண்பர்களே.

யார் இந்த வாலி? டி.எஸ். ரங்கராஜன் என்பது இயற்பெயர். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். முதலில் அவர் கைக்கு வந்தது தூரிகை. ஆனந்த விகடனில் படம் வரைந்த மாலியைப் போல ஆகவேண்டும் என்பது ஆசை. மாலியைப் போல நீ வாலி என்று பள்ளித் தோழர் ஒருவர் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஊரில் நண்பர்களோடு 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். திருச்சி வானொலிக்கு எழுதினார். நாடகம் எழுதினார். சிறிய ஊர், பெரிய ஆசை, கையில் காசில்லை. தமிழ்நாட்டில் எழுதவந்த எத்தனையோ இளைஞர்களின் கதைதான்.

அந்தக் கதை திரும்பியது எங்கே? ஒரு தபால் அட்டையில்!

முருகன் மேல் ஒரு பாட்டை எழுதி, டி.எம். சௌந்தரராஜனுக்கு அஞ்சலில் அனுப்பினார் அந்த ஸ்ரீரங்கத்து இளைஞர். முன்பின் பழக்கமில்லாத ஒருவர் அனுப்பிய அட்டையை அவ்வளவு பெரிய பாடகர் என்ன செய்திருக்க வேண்டும்? மேசை மேல் போட்டிருக்கலாம். மறந்திருக்கலாம். டி.எம்.எஸ். மறக்கவில்லை. அதற்கு மெட்டுப் போட்டார். தாமே பாடினார். 'கற்பனை என்றாலும்' என்று தொடங்கும் அந்தப் பாட்டு நமக்கெல்லாம் தெரியும். இங்கே வெற்றிமலை முருகன் கோயிலில் காவடி ஏறும் நாளில் ஒலிபெருக்கியில் அது வராமல் இருக்குமா? எழுதியவர் பட்டணம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் எழுத்து ஒரு பெரிய குரலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த மனிதரின் வாழ்வு முழுக்க எப்படி நடக்கப்போகிறது என்பதை முதல் பாட்டே சொல்லிவிட்டது: எழுத்து இவருடையது, குரல் இன்னொருவருடையது.

சென்னைக்கு வந்தார். 1958இல் 'அழகர் மலைக் கள்வன்' படத்தில் முதல் வாய்ப்பு. பி. சுசீலா பாடினார். வாய்ப்பு வந்தது என்றால் வாழ்வு வந்துவிட்டதா? வரவில்லை. அடுத்த நாலைந்து ஆண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தியாகராய நகரில் கிளப் ஹவுஸ் என்ற விடுதியில் அறை. கூடவே தங்கியிருந்தவர் நடிகர் நாகேஷ். அவரும் அப்போது வாய்ப்புத் தேடி அலைந்தவர்தான்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். 1961இல் வந்த 'நல்லவன் வாழ்வான்' எம்.ஜி.ஆர். படம். அதற்கு வாலி ஒரு பாட்டு எழுதினார். இசை டி.ஆர். பாப்பா. பாட்டுப் பதிவு நடக்கவில்லை. ஒருமுறை ஒரு தடை, மறுமுறை இன்னொரு தடை. சினிமாவில் இது நடந்தால் என்ன சொல்வார்கள்? ராசியில்லாத பாட்டு என்பார்கள். ராசியில்லாத பாட்டு, ராசியில்லாத கவிஞன் ஆகிவிடும். ஆகவே மருதகாசியை எழுதச் சொல்லலாம் என்று முடிவானது. ஏற்கெனவே பெரிய பெயர் வாங்கிய கவிஞர் மருதகாசி. வந்தார். பையன் எழுதியதைக் காட்டுங்கள் என்றார். படித்தார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்ணிப் பாருங்கள்! எழுதினால் பணம். எழுதினால் எம்.ஜி.ஆர். படத்தில் இன்னொரு பாட்டு. வேண்டாம் என்று சொல்ல மருதகாசிக்கு என்ன அவசியம்? தன் தொழிலில் நேற்று வந்த ஒருவனுடைய அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நினைத்தார். அவ்வளவுதான். திரையுலகைப் பற்றி எத்தனையோ வம்பு பேசுகிறோம். இந்த மாதிரி ஒன்றை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

அதற்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. போதும், ஊருக்குத் திரும்பி ஒரு வேலையைப் பார்ப்போம் என்று வாலி முடிவு செய்துவிட்டார். மூட்டை கட்டும் நேரத்தில் அறைக்கு வந்தார் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸ். அண்மையில் என்ன பாடினீர்கள் என்று கேட்டார் வாலி. 'சுமைதாங்கி' படத்துக்காகப் பாடியதை அங்கேயே பாடிக் காட்டினார் அவர். 'மயக்கமா கலக்கமா'. எழுதியவர் கண்ணதாசன். துவண்டு கிடக்கும் ஒருவனைத் தோளில் தட்டி எழுப்புகிற பாட்டு அது. கேட்டார் வாலி. கட்டிய மூட்டையை அவிழ்த்தார். சென்னையிலேயே இருந்துவிட்டார்.

இதை வாலியே தம் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த நிகழ்ச்சி ஏன் முக்கியம் தெரியுமா? கண்ணதாசன் அந்த அறையில் இல்லை. தம் பாட்டு அங்கே பாடப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. எவருக்காகவோ எழுதினார். எவரோ பாடினார். பின்னாளில் தமக்கே போட்டியாளர் என்று ஊர் பேசப்போகிற ஒருவரை அது காப்பாற்றியது. பாட்டெழுதுகிறவன் கையை விட்டுப் போன பாட்டு எங்கெங்கே போய் என்னென்ன செய்கிறது என்று அவனுக்கே தெரியாது, நண்பர்களே!

பிறகு வந்தது 1963. 'இதயத்தில் நீ' படத்தில் எம்.எஸ். விசுவநாதனோடு முதல் சேர்க்கை. அதே ஆண்டு கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்'. கே.ஆர். விஜயாவை நமக்குக் கொடுத்த படம் என்று அதை எல்லோரும் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் படத்தில் ஆண் குரலில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. இருக்கிற பாட்டெல்லாம் பி. சுசீலா பாடியவை. எழுதியவையெல்லாம் வாலி எழுதியவை. குழந்தையைத் தாலாட்டும் பெண், பக்கத்து வீட்டுக்காரனைக் கிண்டல் பண்ணும் பெண், செத்துப்போன பிறகும் கணவன் அழுவதைப் பொறுக்காமல் பாட வரும் பெண். இத்தனை பெண் மனத்துக்கும் சொல் கொடுத்தவர் வெற்றிலையும் வாயுமாக அமர்ந்து எழுதிய ஓர் ஆண். அந்தத் தாலாட்டைப் பாடிப் பிள்ளையைத் தூங்கவைத்த தாய்மார்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஒரு பெண்தான் எழுதியிருக்க வேண்டும் என்று உங்களில் எவருக்காவது தோன்றியிருந்தால் வாலி வென்றுவிட்டார் என்று பொருள்.

இது எப்படி முடிகிறது? மெட்டுக்குப் பாட்டு எழுதுவது என்றால் என்ன?

இயக்குநர் காட்சியைச் சொல்வார். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு இசையமைப்பாளர் தத்தகாரம் போடுவார். தன்னன்னா தன்னன்னா என்று அது ஓடும். எங்கே குறில், எங்கே நெடில் என்று மெட்டே கட்டளையிட்டுவிடும். கவிஞர் அந்த அச்சுக்குள் சொல்லை உட்கார வைக்க வேண்டும். வைத்தால் போதுமா? அதைப் பாடப்போகிறவர் தொண்டையை நினைக்க வேண்டும். மேல் ஸ்தாயியில் நீட்ட வேண்டிய இடத்தில் ஆகாரம் வந்தால் பாடகர் வாயைத் திறந்து நிற்கலாம். அங்கே 'க்' என்றோ 'ட்' என்றோ ஒரு வல்லின ஒற்றைக் கொண்டுபோய் வைத்தால் மூச்சு அங்கேயே அடைபட்டுப்போகும். ம், ல், ள் என்று முடித்தால் அந்த ஒலியைக் கொஞ்சநேரம் மிதக்க விடலாம். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக்குப் போய் வாலி பாட்டு ஒன்றை எடுத்து, நீளும் இடங்களை மட்டும் கவனியுங்கள். அந்த இடத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்று பாருங்கள். சௌந்தரராஜனுக்கு வைத்த எழுத்து வேறு, சுசீலாவுக்கு வைத்த எழுத்து வேறு என்று தெரியும். பாடுகிறவர் வாய்க்கு எது சுகம் என்பதைத் தன் நாக்கில் அறிந்தவன்தான் பாட்டெழுத முடியும். ஏட்டுக் கவிஞர்கள் பலர் சினிமாவுக்கு வந்து தோற்றுப்போனது இந்த இடத்தில்தான் என்பது என் துணிபு.

பாடுகிறவர் மட்டுமா? வாயசைக்கிறவர் இருக்கிறாரே! 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'. கையில் சாட்டையோடு எம்.ஜி.ஆர். மாடிப்படியில் ஏறி இறங்கும் பாட்டு. தமிழ்நாட்டில் அதைக் கேட்டவர்கள் சினிமாப் பாட்டு என்று நினைக்கவில்லை. ஒரு தலைவர் தமக்குக் கொடுத்த வாக்கு என்று நினைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் முதலமைச்சரானார். எழுதியது வாலி, பாடியது சௌந்தரராஜன். நம்பியது எம்.ஜி.ஆரை. அதே வாலி, 1967இல் 'இரு மலர்கள்' படத்தில் சிவாஜிக்கு எழுதினால் அது முழுக்க வேறு மனிதருடைய மொழியாக இருக்கிறது.

எம்.ஜி.ஆரும் வாலியும் நெருக்கமானவர்கள். வாலி பல மேடைகளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏதோ ஓர் ஊடலில், 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் உங்கள் பெயரைப் போடப்போவதில்லை என்றாராம் எம்.ஜி.ஆர். என் பெயர் இல்லாமல் உங்களால் படத்தின் பெயரையே போட முடியாதே என்றாராம் வாலி. வாலியை எடுத்துவிட்டால் மிச்சம் 'பன்'தான்! இருவரும் சிரித்தார்கள். நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே இருக்கும் உண்மையைக் கவனித்தீர்களா? உச்சத்தில் இருந்த ஒரு கவிஞருக்கே, திரையில் பெயர் போடுவதும் போடாததும் வேறொருவர் கையில் இருந்தது.

அமெரிக்காவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். அதே காலம், 1960. நியூயார்க் நகரத்தின் பிராட்வேயில் ஒரு பாட்டுப் பதிப்பகம். அதற்காகக் கணவர் ஜெர்ரி காஃபினோடு சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டினார் கரோல் கிங் என்ற பதினெட்டு வயதுப் பெண். ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு அதைப் பாடியது. 1961இல் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். உலகம் பாடிய குழுவை அறிந்தது, கட்டியவளை அறியவில்லை. 1971இல் கரோல் கிங் தம் சொந்தக் குரலில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அந்தப் பழைய பாட்டையும் அதில் தாமே பாடினார். அன்றைக்குத்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் திரைக் கவிஞருக்கு அப்படியொரு வழி கிடையாது. கவியரங்க மேடையில் சிங்கம்போல் முழங்கிய வாலி, தம் திரைப்பாட்டுகளைப் பிறர் குரலுக்கே கொடுத்துவிட்டு நின்றார்.

அப்படிக் கொடுத்தவர் காலத்தோடு தேங்கிவிட்டாரா? இல்லையே! விசுவநாதன் காலம் போய் இளையராஜா காலம் வந்தது. 'தளபதி' படத்துக்கு எல்லாப் பாட்டும் எழுதினார். அதில் 'ராக்கம்மா' பாட்டு. ஊரே கூடி ஆடும் குத்துப்பாட்டு. நடுவே அப்பர் தேவாரம் ஒன்று கோயிலில் ஒலிக்கிறது. 2002இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாட்டுகளின் வரிசையில் நாலாம் இடம் பெற்ற பாட்டு அது. ரகுமான் காலம் வந்தது. அறுபதைத் தாண்டிய வாலி, 'காதலன்' படத்தில் முக்காலா என்று எழுதி வட இந்தியாவையும் சேர்த்து ஆட வைத்தார். கொச்சை என்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்த வகைப் பாட்டுகள் எல்லாமே எனக்கும் உவப்பல்ல, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த மெட்டு எதைக் கேட்டதோ அதை அவர் கொடுத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2006இல் 'சில்லுனு ஒரு காதல்'. அதில் 'முன்பே வா'. வாலிக்கு அப்போது எழுபத்து நான்கு வயது! பாடியவர்களில் ஒருவர் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஸ்ரேயா கோஷல். நம் தீவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு உண்டா? 2011 கணக்குப்படி இங்கே நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் வங்காளம் பேசுகிறவர்கள், பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். அடுத்தடுத்த வீடு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கப்பல். ஒரு தமிழ்க் கிழவர் எழுதியதை ஒரு வங்காளப் பெண் பாட, இங்கே இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து முணுமுணுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1968இல் பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' வந்தது. கதாநாயகன், கிளப் ஹவுஸ் அறைத் தோழர் நாகேஷ். பாட்டு வாலி. 2013இல் அதே பெயரில் இன்னொரு படம், அனிருத் இசையில். அதிலும் வாலி பாட்டு உண்டு! நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி. முதல் படம் வந்தபோது அனிருத் பிறக்கவே இல்லை. அந்த 2013ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வாலி மறைந்தார். மறுநாள் வெளியானது 'மரியான்'. அதிலும் அவர் பாட்டு இருந்தது. 2014இல் வந்த 'காவியத் தலைவன்' படத்திலும் இருந்தது. பத்மஸ்ரீ, மாநில விருதுகள் எல்லாம் வந்தன. அவற்றை நான் விரிக்கவில்லை.

விரிக்க வேண்டியது வேறொன்று உண்டு. பாட்டு எழுதியவருக்கு அந்தப் பாட்டில் என்ன உரிமை? 1977இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. எழுதிக் கொடுத்தாய், காசு வாங்கினாய், கதை முடிந்தது. அந்தப் பாட்டு ஐம்பது ஆண்டு வானொலியில் ஒலித்தாலும், தொலைபேசியில் ஒலித்தாலும், பங்கு கேட்க உனக்கு வழியில்லை. 2012இல்தான் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரான ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வழிகளில் பாட்டு பயன்படும்போதெல்லாம் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது என்று ஆயிற்று. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது 2012 ஜூன் மாதம். வாலி அதற்குப் பின் உயிரோடிருந்தது ஒரு வருடத்துக்குச் சற்று மேல். ஐம்பத்தைந்து ஆண்டுத் தொழில். சட்டம் துணைக்கு வந்தது ஒரே ஆண்டு. இது நியாயமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

சட்டத்தை நாம் இங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது. நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம் அல்லவா? ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரைச் சொல்வார்கள், பாடியவரைச் சொல்வார்கள், இசையைச் சொல்வார்கள், பாட்டை இயற்றியவரையும் சொல்வார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மருதகாசி யார், பட்டுக்கோட்டை யார், உடுமலை நாராயணகவி யார் என்று படிக்காத பாட்டிமார்களுக்கும் தெரிந்திருந்தது. இன்று உங்கள் தொலைபேசியில் பாட்டைத் திறந்தால் முகப்பில் நடிகர் படம் இருக்கிறது, பாடகர் பெயர் இருக்கிறது. எழுதியவரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, இங்கே வந்திருக்கும் ஆர்க்கெஸ்ட்ரா நண்பர்களுக்கும், கல்யாண வீட்டில் மைக் பிடிக்கும் தம்பிகளுக்கும், பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளைப் பாடவைக்கும் ஆசிரியர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. பாடுவதற்கு முன் நாலு பெயர் சொல்லுங்கள்: படம், பாடியவர், இசை, எழுதியவர். பத்து விநாடிகூட ஆகாது. எழுதியவர் யார் என்று தெரியாவிட்டால், தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டைப் பாடுங்கள். வருகிற பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலில் டி.எம்.எஸ். பாட்டை எடுக்கும்போது, இதைத் தபால் அட்டையில் எழுதி அனுப்பியவர் வாலி என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.